குளிர்நீர் முக்குளிப்பில் சூடேற்றும் உள்ளங்கி: முதன்முறை அணிவோருக்கு

ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளுக்கு நடுவே உள்ள ஸ்காபா ஃப்ளோவில், 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானிய மாலுமிகள் தாங்களே மூழ்கடித்த கடற்படையின் மூன்று பெரும் போர்க்கப்பல்கள் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தில் இன்றும் கிடக்கின்றன. வசந்தகாலத்தில் அங்கே நீரின் வெப்பநிலை 8 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். கப்பலைச் சுற்றி நீந்தும் வரை உடல் தாங்கிக்கொள்ளும். மேலேறும் வழியில் டிகம்ப்ரஷனுக்காக, அதாவது ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறுவதற்காக, அசையாமல் காத்திருக்கும்போதுதான் குளிர் எலும்பைத் துளைக்கும். அந்தக் குளிரைத் தாங்க உதவுவதே பேட்டரியால் சூடேறும் உள்ளங்கி. ட்ரைசூட்டிலும் (உள்ளே வாயு நிரப்பப்படும், நீர் புகாத முக்குளிப்பு உடை) டிகம்ப்ரஷனிலும் முறையான பயிற்சி பெற்ற பிறகே இந்த உள்ளங்கியை நாட வேண்டும்.

முதலில் உடுத்தும் வரிசை. தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி உடை, அதன்மேல் சூடேற்றும் உள்ளங்கி, அதற்கும் மேல் தடித்த உள்ளுடை, கடைசியாக ட்ரைசூட். உள்ளங்கியின் சூடேறும் கம்பிகள் தோலில் நேரடியாகப் பட்டால் தீப்புண் உண்டாகலாம்.

அடுத்து பேட்டரி. 12 வோல்ட் லித்தியம் பேட்டரியை உடைக்கு வெளியே, இடுப்புப் பட்டையில் பொருத்தி, மின்கம்பி நுழையும் வசதியுள்ள வால்வு வழியாக இணைப்பதே நல்லது. கோளாறு ஏற்பட்டால் நீருக்கடியிலேயே இணைப்பைக் கழற்றிவிட முடியும். உடைக்குள் இருக்கும் பேட்டரியை அப்படிக் கைவிட முடியாது. மின்சாரம் ஓடும் உடைக்குள் ஆக்சிஜன் மிகுந்த வாயுவை ஒருபோதும் நிரப்பாதீர்கள். அது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

எப்போது இயக்குவது என்பதே எல்லாவற்றிலும் முக்கியமானது, பலரும் தவறு செய்வதும் இதில்தான். ஆழத்தில் உடல் சூடாக இருந்தால் இரத்த ஓட்டம் மிகுந்து, திசுக்கள் நைட்ரஜனைக் கூடுதலாக ஏற்றுக்கொள்கின்றன. பிறகு மேலேறும்போது பேட்டரி தீர்ந்து உடல் குளிர்ந்தால், இரத்த நாளங்கள் சுருங்கி அந்த நைட்ரஜன் வெளியேறத் தாமதமாகிறது. அடியில் குளிர்ச்சியும் ஏறும்போது வெதுவெதுப்பும் இருப்பதே பாதுகாப்பானது என்பதை அமெரிக்கக் கடற்படையின் ஆய்வும் காட்டியிருக்கிறது. ஆகவே அடியில் அணைத்தோ மிகக் குறைந்த அளவிலோ வைத்திருங்கள். ஏறத் தொடங்கியதும் கூட்டுங்கள். நீரைவிட்டு வெளியேறும் வரை குறைக்காதீர்கள்.

உள்ளங்கி செயலிழந்தாலும் உள்ளுடையின் கதகதப்பு மட்டுமே முழு டிகம்ப்ரஷனுக்கும் போதும்படி முக்குளிப்பைத் திட்டமிடுங்கள். அதற்கு முன், ஆழமற்ற நீரில், தடித்த கையுறையுடன் பேட்டரி இணைப்பைக் கண்ணால் பாராமலே கழற்றி மாட்ட முடிகிறவரை பழகுங்கள்.