மூன்று மாத்திரைக்கும் பிரஷர் இறங்காதவர்கள் கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனை

168/92. என் நோட்டில் பக்கம் பக்கமாக இதே கதைதான். மூன்று மாத்திரை, அதில் ஒன்று சிறுநீர் பிரிய. ஒரு வேளைகூட விட்டதில்லை. கடைசியில் பிடிபட்டது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். சிறுநீரகத்தின் மேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஊறுவது.

முதலில் வீட்டில் ஒரு கழித்தல் கணக்கு போடுங்கள். ஏழு நாள், காலையும் மாலையும், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு இரண்டிரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழியுங்கள். எனக்கு 76 வந்தது. வயதானவர்களுக்கு இது 60ஐத் தாண்டினால் பெரிய தமனிகள் விறைத்திருக்கலாம்.

நான் தையல்காரி, எனக்கு இப்படித்தான் புரிந்தது. தமனிச் சுவரில் எலாஸ்டின் இருக்கிறது, பாவாடை எலாஸ்டிக் மாதிரி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கொலாஜனோ காலருக்குள் வைக்கிற கேன்வாஸ். ஆல்டோஸ்டிரோன் கூடினால் உடம்பில் உப்பு தங்கும், பொட்டாசியம் வெளியேறும். அதோடு நிற்பதில்லை. தமனிச் சுவரிலேயே நேராக வேலை செய்து கேன்வாஸை அடுக்கிக்கொண்டே போகும். அதனால்தான் ஒரே அளவு பிரஷர் உள்ள இருவரில், இந்த ஹார்மோன் கூடியவருக்குத் தமனி அதிகமாக விறைக்கிறது. (மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதாலும் விறைப்பு கூடும். அதற்காக ஹார்மோன் மாத்திரையைத் தேடிப் போகாதீர்கள்.)

சரி, டாக்டரிடம் கேட்க வேண்டியது ‘ஆல்டோஸ்டிரோன் - ரெனின் விகிதம்’. ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் சங்கிலியின் முதல் கண்ணி ரெனின். ரெனின் அடங்கிக் கிடந்தும் ஆல்டோஸ்டிரோன் ஏறியிருந்தால், சுரப்பி தன்னிஷ்டத்துக்கு ஓடுகிறது என்று அர்த்தம். 1955இல் ஜெரோம் கான் என்ற மருத்துவர் விவரித்த நோய் இது. “பொட்டாசியம் நார்மலாக இருக்கிறதே, அதெல்லாம் இருக்காது” என்று எனக்கு ஒருவர் சொன்னார். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் பொட்டாசியம் நார்மல்தான்!

என் முதல் பரிசோதனை வீண். நல்ல பிள்ளையாக உப்பை ஒரேயடியாகக் குறைத்திருந்தேன். அதில் ரெனின் ஏறி, நோய் இல்லை என்று காட்டிவிட்டது. ஆகவே பரிசோதனைக்கு முன் உப்பை எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். பொட்டாசியம் குறைவாக இருந்தால் அதை முதலில் சரிசெய்வார்கள். அதிமதுரம் சாப்பிடுகிறவர்கள் நான்கு வாரம் நிறுத்த வேண்டும். ஸ்பைரனோலாக்டோன் (ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுப்பது), பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைத் தணிக்கும் பிரஷர் மருந்து) போன்ற மாத்திரைகளும் விகிதத்தை மாற்றும். எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பது டாக்டர் கையில். நீங்களாக நிறுத்தினால் ஆபத்து. காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்தபின் ரத்தம் கொடுங்கள். ஊசி போடும்போது கையை மூடி மூடித் திறக்காதீர்கள், பொட்டாசியம் பொய்யாக ஏறும்.

விகிதம் கூடியிருந்தால் மேற்கொண்டு பரிசோதனைகள், ஸ்கேன். ஒரு பக்கச் சுரப்பி மட்டும் காரணமென்றால் அறுவை சிகிச்சைக்கு வழியுண்டு. எனக்கு இரண்டு பக்கமும், அதனால் ஸ்பைரனோலாக்டோன். ஆண்களுக்கு இதில் மார்பு வீங்கலாம். அப்போது அதே வேலையைச் செய்யும் எப்லெரெனோன் தருவார்கள். ஆரம்பித்த சில வாரங்களுக்குள் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் கட்டாயம் பாருங்கள். உப்புக்குப் பதிலாக விற்கிற பொட்டாசியம் உப்பை மட்டும் இந்த மாத்திரையோடு சேர்த்துவிடாதீர்கள், பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறிவிடும்.