எம்.எஸ். உள்ளவர்களுக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், அதாவது எம்.எஸ்., பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டும் நரம்பு நோய். பெண்களுக்கே அதிகம் வருகிறது. வேலையும் குடும்பமும் காலூன்றும் வயது என்பதால், மருத்துவரோடு சமூகப் பணியாளரும் இவர்களுக்குத் தேவை.

சமூகப் பணியாளர் செய்யக்கூடிய பெரிய தவறு, பார்த்த அன்றைய நிலையை வைத்து ஆளை எடைபோடுவது. காலையில் படியேறி வந்தவர் மதியம் எழவே முடியாமல் படுத்திருப்பார். வெயிலும் காய்ச்சலும் தொல்லையைக் கூட்டும். சோர்வு, மறதி, சிறுநீரை அடக்க முடியாமை எதுவும் வெளியே தெரியாது. "நல்லாத்தானே இருக்கீங்க" என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவர் வாய் திறக்கமாட்டார். மாமியாரை அருகில் வைத்துக்கொண்டு சிறுநீர்த் தொல்லையைக் கேட்பதும் அப்படித்தான். தனியாகப் பேசுங்கள். கணவரிடமோ மகனிடமோ கேட்டு, அவருக்குப் பதிலாக முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தது வேலை. நோய் திடீரெனக் கூடிய நேரத்தில், "ராஜினாமா பண்ணிடு, உடம்புதான் முக்கியம்" என்று வீட்டில் சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் அதற்குத் தலையாட்டக் கூடாது. பலருக்குச் சில வாரங்களில் ஓரளவு, சிலருக்கு முழுவதுமே, பழைய நிலை திரும்பும். அரசுப் பணியில் இருப்பவருக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு துணை நிற்கிறது. பணிக்காலத்தில் ஊனம் வந்தால் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அதற்கும் இடமில்லை என்றால், பொருத்தமான இடம் வரும்வரை மிகைப் பணியிடத்தில், அதாவது அவருக்காகக் கூடுதலாக உருவாக்கும் இடத்தில், வைக்கலாம். கடிதம் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பெல்லாம் கைநழுவிவிடும். தனியார் வேலை என்றால், நேரமாற்றம், வீட்டிலிருந்து பணி, குளிர்ந்த அறை ஆகியவற்றை எழுத்தில் கேட்க உதவுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழை "நடக்க முடியாமல் போகும்போது பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதும் தவறு. அந்தச் சட்டம் பட்டியலிட்ட 21 ஊனங்களில் எம்.எஸ்.சும் ஒன்று. பல சலுகைகளுக்குச் சான்றிதழில் 40 சதவீத ஊனமாவது இருக்க வேண்டும். பரிசோதனை அன்று வெட்கப்பட்டு "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நரம்பியல் மருத்துவரின் அறிக்கையோடு, மோசமான நாட்களில் என்னென்ன செய்ய முடியவில்லை என்ற குறிப்பையும் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். நிலை மோசமானால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும், எம்.எஸ். உள்ளவர்களும் அதில் வருவார்கள்.