பழைய ஃபர்னஸில் கை வைக்கும் முன்

டொரன்டோ வட்டாரத்தில் பழைய வீடு வாங்கும் நம்மவர்களுக்குப் பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் 15, 20 வயதான கேஸ் ஃபர்னஸ் ஒன்றும் சேர்ந்தே வருகிறது. ஜனவரிக் குளிரில் அது நின்றுவிட்டால் கை பதறும். பெரும்பாலான தவறுகள் அந்தப் பதற்றத்தில்தான் நடக்கின்றன.

நின்றவுடன் பலரும் சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். வேண்டாம். ஃபர்னஸின் கதவில் உள்ள சிறிய கண்ணாடி வழியே பார்த்தால் ஒரு விளக்கு சிமிட்டுவது தெரியும். எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் இருக்கும். மின்சாரத்தை அணைத்தால் பல மாடல்களில் அந்தத் தடயம் அழிந்துவிடும்.

ஃபில்டரை மாதக்கணக்கில் மறந்துவிடுவது எல்லோரும் அறிந்த தவறு. அறியாதது, விலை உயர்ந்த, மிக அடர்த்தியான ஃபில்டரைப் பழைய ஃபர்னஸின் 1 அங்குல இடத்தில் மாட்டுவது. காற்று திணறுகிறது, தீயின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் உலோகப் பகுதியான வெப்பப் பரிமாற்றி அளவுக்கு மீறிச் சூடாகிறது, சூட்டைக் கண்காணிக்கும் லிமிட் சுவிட்ச் நெருப்பை அணைக்கிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால் அந்த உலோகத்தில் விரிசல் விழலாம். ஆளில்லாத அறைகளின் காற்றுத் துளைகளை மூடிச் செலவை மிச்சப்படுத்த நினைப்பவர்களும் இதே ஆபத்தைத்தான் வரவழைக்கிறார்கள்.

அடுத்து, பற்றிய சில நொடிகளிலேயே நெருப்பு அணைந்துபோகும் கோளாறு. இதற்கு வழக்கமான காரணம் ஃப்ளேம் சென்சார். பர்னரின் தீயில் நனைந்தபடி நிற்கும் மெல்லிய கம்பி அது. தீயின் ஊடாக அதில் பாயும் மிக நுண்ணிய மின்னோட்டத்தை வைத்தே தீ எரிகிறதா என்று ஃபர்னஸ் அறிகிறது. கம்பியில் படலம் படிந்தால் அந்த ஓட்டம் தடைபடும்; தீ இல்லை என்று கருதி கேஸை நிறுத்திவிடும். மின்சாரத்தையும் கேஸையும் அணைத்துவிட்டு, ஒற்றைத் திருகைக் கழற்றிக் கம்பியை உருவி, மெல்லிய ஸ்டீல் வுல்லால் இதமாகத் துடைத்தால் போதும். சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கீறல்களில் படலம் இன்னும் சீக்கிரம் ஏறும். அருகிலேயே இருக்கும், தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டரை வெறும் விரலால் தொடவும் கூடாது. எளிதில் உடையும் பொருள் அது. விரலின் எண்ணெய்ப் பசையும் அதற்கு ஆகாது.

வெளிச்சுவரில் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும் வகை என்றால், பனிப்புயலுக்குப் பிறகு முதலில் பார்க்க வேண்டியது அவற்றின் வாய் பனியில் அடைத்திருக்கிறதா என்பதைத்தான்.

என்னை உண்மையில் அச்சுறுத்துவது வேறொன்று. பிரஷர் சுவிட்சோ லிமிட் சுவிட்சோ தடுக்கிறது என்று தெரிந்ததும் அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து ஃபர்னஸை ஓடவைப்பது. இணையத்தில் இதைக் காட்டித்தரும் வீடியோக்கள் நிறைய. புகை சரியாக வெளியேறவில்லை என்று சொல்வதற்காகவே பிரஷர் சுவிட்ச் இருக்கிறது. அதன் வாயை அடைத்தால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூங்கும் அறை வரை வரலாம். ஒன்டாரியோவில் கேஸ் தொடர்பான வேலைகளை மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டி.எஸ்.எஸ்.ஏ. அமைப்பில் பதிவுசெய்த ஒப்பந்ததாரரிடம்தான் கொடுக்க வேண்டும். வெப்பப் பரிமாற்றியில் விரிசல் கண்டால் அவர் ‘பாதுகாப்பற்றது’ என்னும் சிவப்பு அட்டை மாட்டி கேஸை நிறுத்திவிடக்கூடும். அப்போது அவரோடு வாதாடாதீர்கள்; சந்தேகம் இருந்தால் இன்னொருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லலாம், அதுவரை ஃபர்னஸை ஓட்டாமல்.

பேஸ்மென்டை வாடகைக்கு விடுபவர்களுக்கு இன்னும் ஒன்று. ஃபர்னஸைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் காற்று வரும் வழியை அடைத்துவிடாதீர்கள். பழைய ஃபர்னஸ் பல, எரிவதற்கான காற்றை அந்த அறையிலிருந்தே எடுக்கின்றன. பெயின்ட் டப்பா, பிளீச் போன்றவற்றையும் அங்கே அடுக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் குடியிருப்பவர் தூங்கும் இடத்துக்கு அருகிலும் வேண்டும். அதன் முதுகில் அச்சிட்ட காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். பெரும்பாலான அலாரங்களுக்கு ஆயுள் 7 முதல் 10 ஆண்டுகள்தான்.