ஊட்டி குளிரில் அலுமினியம்-13 கொத்து வளர்ப்பது எப்படி

குன்னூர் போகிற வழியில் சாலைக்காக வெட்டிவிட்ட மண்சுவர் செக்கச்செவேல் என்று நிற்குமே, அந்த லேட்டரைட்டில் கிப்சைட் உண்டு, அதாவது அலுமினியம் ஹைட்ராக்சைடு. லேபில் அலுமினியம் கரைசலில் காரத்தை ஊற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்த மாதிரி வெள்ளைக் கூழ்தான் வரும். கூழாவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினால் 13 அலுமினியம் சேர்ந்த ஒரு கொத்து கிடைக்கும்: நடுவில் ஒன்று நான்கு ஆக்சிஜனோடு, அதைச் சுற்றி 12, ஒவ்வொன்றும் ஆறு ஆக்சிஜனோடு. அமெரிக்காவில் கொலராடோவின் ஸுனி சுரங்கத்தில் கிடைத்த ஸுனியைட் கனிமத்தில் இதே மாதிரி 13 பேர் உட்கார்ந்திருப்பதை வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1933-லேயே காட்டிவிட்டார். அங்கே வெளியே சிலிக்காவும் பின்னியிருக்கும், நமக்கு அது வேண்டாம்.

அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 6.04 கிராம், 100 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில். நீரற்ற குளோரைடை எடுத்துவிடாதீர்கள், தண்ணீர் பட்டால் சீறி அமிலப் புகை கக்கும். படிகாரமும் ஆகாது, அதிலுள்ள சல்பேட் கொத்து உருவாகும் முன்பே வீழ்படிவாக்கிவிடும். காரத்துக்குக் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) 1 கிராம், இதுவும் 100 மில்லியில். மழைக்காலத்தில் நம்ம ஊரில் இந்த வில்லைகள் எடை போடுவதற்குள் வியர்த்துவிடும், அதனால் எடையை நம்பாமல் ஆக்சாலிக் அமிலத்தோடு டைட்ரேஷன் செய்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

அலுமினியம் கரைசலில் 25 மில்லியை எடுத்து 80 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொதிப்பை வைத்துக் கணக்குப் போடாமல் தெர்மாமீட்டரைப் பாருங்கள். ஸ்டிரர் ஓடிக்கொண்டிருக்க, ப்யூரெட்டிலிருந்து 60 மில்லி காரம், ஆறு வினாடிக்கு ஒரு சொட்டு, மொத்தம் இரண்டு மணி நேரம். ஒரு அலுமினியத்துக்கு 2.4 ஹைட்ராக்சைடு என்பது கணக்கு, 3-ஐத் தொட்டால் கூழ்தான். சொட்டு விழுந்த இடத்தில் ஒரு வெண்மேகம் எழும்பி, சுழலில் இழைந்து, கரைந்து காணாமல் போகும். அது கரையாமல் அடுத்த சொட்டு விழக்கூடாது. முதல் தடவை அவசரப்பட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன், பீக்கர் முழுக்கக் கஞ்சி மாதிரி ஆகி மறுநாள் வரை கரையவே இல்லை, அதைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சரி, தெளிந்த கரைசல் கிடைத்துவிட்டதா? நன்றாக ஆறவிட்டு 0.1 மோலார் சோடியம் சல்பேட் (100 மில்லிக்கு 1.42 கிராம்) 62.5 மில்லி சேருங்கள்; கொத்து ஏற்கெனவே உருவாகிவிட்டதால் இப்போது சல்பேட் அதைப் படிகமாக்கும். அப்புறம் மூடி, ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். ஜனவரி ராத்திரியில் லேப் உறைந்துபோகிற அளவுக்குக் குளிரும், பகலில் ஜன்னல் வெயில் சுடும், அதனால் தெர்மோகோல் பெட்டிக்குள் வைப்பது நல்லது. இரண்டு நாளில் அடியில் பொடிப்பொடியாக மின்னும், லென்ஸில் பார்த்தால் முக்கோண முகங்கள் கொண்ட குட்டி நான்முகிகள்.

வடிகட்டி, கொஞ்சம் குளிர்ந்த நீரில் அலசி, காற்றில் உலர்த்துங்கள். கண்ணுக்கு அழகாக இருந்தால் மட்டும் போதாது, அலுமினியம்-27 என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) சோதனை வசதி உள்ள இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்: 62.5 பிபிஎம் பக்கத்தில் ஒரு கூர்மையான முனை வந்தால் அது நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு அலுமினியம்தான்.