சப்ளை 1000 வாட், கனெக்டர் ஏன் கருகுகிறது? கிராபிக்ஸ் கார்டு கேபிளில் செய்யக்கூடாத தவறுகள்

புது கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "பவர் சப்ளை எத்தனை வாட் இருக்கணும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். சப்ளையில் வாட் தாராளமாக இருந்தும் கனெக்டர் உருகுவதுண்டு. கருகுவது கேபிளின் நுனியில், பின்னும் சாக்கெட்டும் தொட்டுக்கொள்ளும் சில மில்லிமீட்டர் இடத்தில்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். கார்டுக்குப் போவது 12 வோல்ட். பழைய 8 பின் கேபிளின் வரம்பு 150 வாட், அதாவது 12.5 ஆம்பியர். அதை மூன்று 12 வோல்ட் ஒயர்கள் பங்கிட்டுக்கொள்வதால் ஒரு பின்னுக்கு 4 ஆம்பியரைச் சற்றே தாண்டும். அந்தப் பின் ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும். 2022-ல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுடன் பரவலாக வந்த 16 பின் கனெக்டரின் கதை வேறு. 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு 12 வோல்ட் ஒயர்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 8.3 ஆம்பியர். பின்னின் தாங்குதிறனோ சுமார் 9.5 தான். முன்பு ஒரு மடங்கு கூடுதலாக இருந்த பாதுகாப்பு இடைவெளி இப்போது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

இதில் இரண்டு பின்கள் சரியாகத் தொடவில்லை என்றால் மீதி நான்கும் தலைக்கு 12.5 ஆம்பியர் சுமக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பவர் சப்ளையின் பாதுகாப்பு சர்க்யூட் இதைத் தடுக்காது, ஏனென்றால் அது பார்ப்பது மொத்த மின்னோட்டத்தை. எந்த ஒயரில் எவ்வளவு போகிறது என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே தவறுகளில் முதலாவது, முழுதாகச் செருகாமல் விடுவது. 4090 வெளிவந்த சில வாரங்களிலேயே கருகிய கனெக்டர்கள் பற்றிய புகார்கள் கிளம்பின. 2022 நவம்பரில் என்விடியா, உலகம் முழுக்க சுமார் 50 புகார்கள் வந்திருப்பதாகவும், கேபிள் முழுதாக உள்ளே போகாததே பொதுவான காரணமாகத் தெரிவதாகவும் சொன்னது. இந்தக் கனெக்டரின் 'கிளிக்' சத்தம் மிக மெல்லியது; பல நேரம் காதில் விழவே விழாது. சத்தத்தை நம்பாமல் கண்ணால் பாருங்கள். செருகியதும் மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, கேபிளின் தலைக்கும் கார்டின் சாக்கெட்டுக்கும் நடுவே இடைவெளிக் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முனை ஒட்டியும் மறுமுனை மயிரிழை தூக்கியும் இருந்தால் அதுவும் தவறுதான். லாக் கொக்கியில் உட்கார்ந்தபின் மெல்ல இழுத்துப் பாருங்கள், அசையக்கூடாது. கார்டைக் கேபினெட்டில் பொருத்துவதற்கு முன்பே, மேசைமேல் வைத்துக் கேபிளைச் செருகிப் பழகிக்கொள்வது நல்லது. எவ்வளவு அழுத்தினால் முழுதாக உட்காருகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும்.

2023-ல் இதே கனெக்டரைத் திருத்தி 12வி-2x6 என்று கொண்டுவந்தார்கள். அதில் சென்ஸ் பின்கள் (கேபிள் செருகியிருப்பதைக் கார்டுக்குச் சொல்லும் சிறு பின்கள்) குட்டையாகவும் மின்சாரம் சுமக்கும் பின்கள் சற்று நீளமாகவும் இருக்கும். அரைகுறையாகச் செருகினால் கார்டு மின்சாரம் இழுக்கக்கூடாது என்பது ஏற்பாடு. நல்ல திருத்தம். ஆனாலும் அதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2025 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஓவர்கிளாக்கர் (கணினி பாகங்களை வரம்பு தாண்டிய வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்) டெர்பாவர், 575 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 5090-ஐ ஓட்டி ஒவ்வொரு ஒயராக அளந்து காட்டினார். ஒரு ஒயரில் மட்டும் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. பவர் சப்ளை பக்கக் கனெக்டரின் சூடு 150 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஆர்டிஎக்ஸ் 3090 டிஐ கார்டில் ஆறு ஒயர்களையும் மூன்று குழுக்களாகப் பிரித்துச் சமன்செய்யும் அமைப்பு இருந்தது. 4090, 5090 கார்டுகளின் வடிவமைப்பில் ஆறும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. அதனால் உருகிய கனெக்டரைக் கண்டதுமே பயன்படுத்தியவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பதே என் எண்ணம். வடிவமைப்பிலேயே பாதுகாப்பு இடைவெளி குறுகிவிட்டது. நம் கையில் இருப்பதை ஒழுங்காகச் செய்வது, அந்தக் குறுகிய இடைவெளியையும் நாமே தின்றுவிடாமல் இருக்கத்தான்.

அடுத்த தவறு, ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொன்றில் செருகுவது. கார்டை ஒரு நொடியில் கொல்லக்கூடியது இதுதான். கார்டு பக்கத்து முனைக்குப் பொதுவான அளவுகோல் உண்டு. சப்ளை பக்கத்து முனைக்குக் கிடையாது. 12 வோல்ட் எந்த ஓட்டையில், கிரவுண்ட் (மின்னோட்டம் திரும்பும் ஒயர்) எந்த ஓட்டையில் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறலாம். வடிவம் ஒன்றாக இருப்பதால் கேபிள் சுலபமாக உள்ளே போய்விடும், ஆன் செய்ததும் வேலை முடிந்தது. சப்ளையை மாற்றினால் எல்லாக் கேபிளையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய கேபிள்களை அந்தந்த மாடல் பெயர் எழுதிய தனிப் பையில் போட்டு வைப்பது ஐந்து நிமிட வேலை. பிராசசருக்கான 8 பின் கேபிளையும் கார்டுக்கான 8 பின் கேபிளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். சுலபமாகப் போகாததை அழுத்தித் திணிக்கக் கூடாது.

ஒரே கேபிளின் முனையில் இரண்டு 8 பின் தலைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 200 வாட் அளவில் இழுக்கும் கார்டுக்கு அது போதும். 300 வாட்டைத் தாண்டும் கார்டுக்கு ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் இழுங்கள். நான்கு 8 பின்னை 16 பின்னாக்கும் அடாப்டருக்கும் இதே விதி: நான்கு தலைக்கு நான்கு கேபிள். சப்ளை தயாரிப்பாளரே தடிமனான 16 கேஜ் ஒயரில் 600 வாட்டுக்கென்று கொடுத்த நேரடி 16 பின் கேபிள் இருந்தால், அடாப்டரைத் தொடாமல் அதையே போடுங்கள். கேஜ் எண் குறைந்தால் ஒயர் தடிமன் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹார்ட் டிஸ்குக்கான சாட்டா கனெக்டரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டரைத் தூக்கி எறியுங்கள். சாட்டாவின் 12 வோல்ட் பக்கம் 4.5 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 54 வாட். 6 பின் கேட்பதோ 75 வாட்.

கேபிளை அழகாக மடக்குவதும் ஆபத்தில் முடியலாம். கனெக்டரை விட்டு 35 மில்லிமீட்டர் வரை 16 பின் கேபிள் நேராக வர வேண்டும். கண்ணாடிக் கதவு அதன்மேல் அழுத்தினால் கேபினெட் சிறியது என்று பொருள். மடக்காமல் இருக்கத்தான் ஆங்கிள் அடாப்டர் என்று சிலர் வாங்கினார்கள். கேபிள்மாட் நிறுவனத்தின் அத்தகைய அடாப்டர்கள் சூடேறி உருகியதால், 2024 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சுமார் 25,300 அடாப்டர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. இடையில் இன்னொரு இணைப்பு வந்தால் சூடாவதற்கு இன்னொரு இடமும் வந்துவிடுகிறது.

பயத்தில் அடிக்கடி கழற்றிப் பார்ப்பதும் வேண்டாம். இந்தக் கனெக்டர் 30 முறை செருகிக் கழற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதைவிட, அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டிவிட்டு ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் சுட்டால், அல்லது பிளாஸ்டிக் வாடை வந்தால், உடனே நிறுத்துங்கள். டிசி கிளாம்ப் மீட்டர் (ஒயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் ஆம்பியரையே அளந்துவிடலாம்.

450 வாட் கார்டின் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்சவரம்பை) சாஃப்ட்வேரில் 80 சதவீதமாக்கினால் 360 வாட் ஆகும். மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், பின்களில் வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கேமில் வேகம் பெரிதாக விழாது. 4090 வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் கேபிளை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது. கார்டு பக்கத்துப் பின்னும் கெட்டிருக்கும், புதுக் கேபிளும் அதே இடத்தில் கருகும். படம் எடுத்து வைத்துக்கொண்டு, எதையும் சுரண்டாமல், கார்டையும் கேபிளையும் சேர்த்தே வாரண்டிக்கு அனுப்புங்கள்.