பட்டாள வாள்: பழசா, புதுசா?

கீழக்கரையில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். வாள் வாங்க வருகிறவர்கள் துருவைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். நம் உப்புக்காற்றில் புது வாளும் சீக்கிரமே துருவேறிவிடும். அதனால் நிறத்தைப் பாருங்கள். செம்மஞ்சளாக விரலில் ஒட்டினால் புதுத் துரு. பழையது கருத்த பழுப்பாக இரும்போடு இறுகியிருக்கும்; துடைத்தால் அடியில் பொடிப்பொடியாய்க் குழிகள் தெரியும்.

அப்புறம் பிடி. பழைய பிரிட்டிஷ் வாள்களில் பெரும்பாலும் அலகின் வால், அதாவது வெட்டும் தகட்டின் பின்பக்கம் நீளும் இரும்பு, பிடிக்குள் முழுக்க ஓடி, பிடியின் நுனியிலுள்ள குமிழின் உச்சியில் அடித்து மழுக்கப்பட்டிருக்கும். அங்கே மரை போட்ட நட்டு தெரிந்தால் எனக்குச் சந்தேகம்தான். அலகு தேய்ந்து, அதில் பொறித்த எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தாலும் வாங்காதீர்கள். வில்கின்சன் என்ற இங்கிலாந்துக் கம்பெனி செய்த அதிகாரி வாள் என்றால் அலகின் முதுகில் வரிசை எண்ணைத் தேடுங்கள்.

தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வாளின் வயதுக்குச் சாட்சியே அந்தக் கருப்புதான். லேசாக எண்ணெய் தடவினால் போதும்.