58-ஐ 26 என்று எழுத வேண்டும்: டிவைஸ் ட்ரீயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது எம்பெடட் போர்டில் லினக்ஸை எழுப்பும்போது, டிரைவர் நிரலைவிட டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன சாதனங்கள் எங்கே இருக்கின்றன என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பில்) இருக்கும் நாலு எண்களோடுதான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஒரே எண்ணைச் சிப்பின் கையேடு ஒரு விதமாகப் படிக்கும், கர்னல் வேறு விதமாகப் படிக்கும். டிவைஸ் ட்ரீ கம்பைலருக்கோ எல்லாமே வெறும் எண்தான்.

இன்டரப்ட் (சாதனம் கவனம் கேட்டு அனுப்பும் சிக்னல்) எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஆர்ம் சிப்களில் இருக்கும் ஜிஐசி என்ற இன்டரப்ட் கண்ட்ரோலர், 0 முதல் 31 வரையுள்ள எண்களைக் கோர்களின் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்கிறது. வெளிச் சாதனங்களுக்கான எஸ்பிஐ இன்டரப்ட்கள் 32-இல் தொடங்கும். (நாலு கம்பி எஸ்பிஐ பஸ் வேறு, இது வேறு. பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.) டிவைஸ் ட்ரீயின் இன்டரப்ட் வரியில் முதல் செல்லில் (முதல் எண்ணாக) 0 போட்டு "இது எஸ்பிஐ" என்று சொல்லிவிட்டால், இரண்டாவது செல்லில் 32-ஐக் கழித்துத்தான் எழுத வேண்டும். ஐ.எம்.எக்ஸ்6 சிப்பின் முதல் யூஆர்ட்டுக்கு (சீரியல் போர்ட்டுக்கு) ஜிஐசி எண் 58, டிவைஸ் ட்ரீயில் 26. கழிக்காமல் 58 என்றே எழுதினால் கர்னல் 90-க்காகக் காத்திருக்கும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கவும் கூடாது. சில கையேடுகள் கழித்த எண்ணையே தருகின்றன. அதே சிப்புக்கு ஏற்கெனவே கர்னலில் உள்ள ஒரு நோடை (ஒரு சாதனத்துக்கான டிவைஸ் ட்ரீ பகுதியை) கையேட்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது இன்னொன்று. சென்சாரின் இன்டரப்ட் கால் ஆக்டிவ் லோ (கோடு கீழே இறங்கினால்தான் சிக்னல்) என்பதால், இன்டரப்ட் வரியில் ஜிபிஐஓ எனும் பொதுப் பின்களுக்கான ஆக்டிவ் லோ மேக்ரோவையே போட்டுவிட்டேன். அதன் மதிப்பு 1. ஆனால் இன்டரப்ட் வரியில் 1 என்றால் ரைசிங் எட்ஜ், அதாவது கோடு ஏறும் கணம். ஃபாலிங்குக்கு 2, லெவல் ஹைக்கு 4, லெவல் லோவுக்கு 8. பிழைச்செய்தி எதுவும் வராது. சென்சார் சின்னத் துடிப்பாக அனுப்பினால், கோடு இறங்கி மறுபடி ஏறும்போது இன்டரப்ட் வந்துவிடும். எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். தரவைப் படிக்கும்வரை கோட்டைக் கீழேயே பிடித்துவைக்கும் சென்சார் என்றால் இன்டரப்ட் வரவே வராது. எனக்கு வாய்த்தது முதல் வகை. துடிப்பு நீளத்தை மாற்றிய அன்றுதான் மாட்டிக்கொண்டேன்.

சரி, சிப்பின் கால்களான பின்களுக்கு வருவோம். பீகிள்போன் பிளாக்கில் உள்ள ஏஎம்335எக்ஸ் சிப்பில், எஸ்பிஐ0 (இது நாலு கம்பி பஸ்) கிளாக் பின்னுக்கான ரெஜிஸ்டரின் இடம் கையேட்டில் ஹெக்ஸ் 950. பின் கண்ட்ரோலரின் தொடக்கம் 800 என்பதால் டிவைஸ் ட்ரீயில் நேரடியாக எழுதினால் 150. இதில் தவறினால் கர்னலே எல்லை மீறியதாகத் திட்டிவிடும். திட்டாதது அடுத்தது: கிளாக் வெளியே போகும் சிக்னல்தானே என்று அதை அவுட்புட்டாக மட்டும் வைப்பது. இந்தச் சிப் தான் அனுப்பிய கிளாக்கையே பின்னிலிருந்து திரும்ப வாங்கித்தான் உள்ளே வரும் தரவைப் பிடிக்கிறது. இன்புட்டை இயக்கும் 5-ஆவது பிட் 0 ஆக இருந்தால் ஆசிலோஸ்கோப்பில் அலை அழகாகத் தெரியும், படிக்கும் தரவு மட்டும் உதவாது.

பின்களை எப்படி அமைப்பது என்று சொல்லும் பின் நிலையின் பெயரில் எழுத்துப் பிழை விட்டாலும் இதே கதைதான். கர்னல் "டிஃபால்ட்" என்ற பெயரைத் தேடி, கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் டிரைவரின் புரோபுக்கு (சாதனத்தைத் தொடங்கிவைக்கும் பகுதிக்கு) போய்விடும். கர்னலுக்கு முன் ஓடும் பூட்லோடர் ஏற்கெனவே அந்தப் பின்னைச் சரியாக வைத்திருந்தால் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

டிரைவர் பக்கம் இரண்டே விஷயம். இன்டரப்ட் எண்ணை அன்சைன்ட் மாறியில் வாங்காதீர்கள். இன்டரப்ட் கண்ட்ரோலர் இன்னும் தயாராகாதபோது வரும் மைனஸ் 517 என்ற பிழை எண் அதில் பெரிய நேர் எண்ணாகிவிடும், "0-ஐவிடக் குறைவா" என்ற சோதனை ஒருபோதும் பிடிக்காது. அப்புறம், இன்டரப்ட்டைக் கேட்கும்போது ட்ரிக்கர் கொடியை நிரலில் எழுதாதீர்கள். எழுதினால் டிவைஸ் ட்ரீயில் நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட வகையை அது மேலெழுதிவிடும்.

சந்தேகம் வந்தால் நிரலைத் திருத்துவதற்கு முன், கர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக் எஃப்எஸ்ஸில் பின்கண்ட்ரோல் கோப்புறைக்குள் உள்ள பின்மக்ஸ்-பின்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் பின்னுக்கு எதிரே சாதனத்தின் பெயர் இருக்க வேண்டும். பெயருக்குப் பதிலாக "மக்ஸ் அன்கிளெய்ம்ட்" என்றிருந்தால் எந்தச் சாதனத்துக்காகவும் அந்தப் பின்னை இன்னும் யாரும் கேட்கவே இல்லை.